பெரிய ஸ்கூட்டர் வாங்கப்போகிறவர்

மனிதர்களில் ஸ்கூட்டர் உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டே வகைதான் என்று நினைக்கிறீர்களா? தப்பு ஐயா. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. ஸ்கூட்டர் வாங்கப்போகிறவர். அதுவும் லேசுப்பட்ட ஸ்கூட்டர் அல்ல. முன்னால் காற்றுத் தடுப்பு, பின்னால் சாய்ந்துகொள்ள மெத்தை, இருபுறமும் பெட்டி என்று, நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு வலிக்காது என்று சொல்கிறார்களே, அந்தப் பெரிய பயண வண்டி.

எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்த இனத்தில் முதல் தரம். பகலெல்லாம் வருகிறவர் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்கிற தொழில். வந்தவர்கள் சட்டென்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேள்வி மட்டும் இவரோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் சாதகம், வலப்பக்கம் பாதகம். கியர் இல்லை, கைக்குச் சுகம். கியரே இல்லையென்றால் ஓட்டுவதில் என்ன சுகம்? பெட்டியில் இரண்டு ஹெல்மெட் கொள்ளும். ஹெல்மெட் தலையில் இருக்கும்போது பெட்டி எதற்கு? நெடுஞ்சாலையில் கப்பல் மாதிரிப் போகும். சந்திலும் கப்பல் மாதிரிதான் போகும். ஞாயிறுதோறும் ஷோரூமுக்குப் போய் ஏறி உட்கார்ந்து, ஸ்டாண்டை எடுக்காமலே கைப்பிடியை முறுக்கிப் பார்த்துவிட்டு இறங்கி வருவார். அங்கே விற்பனையாளர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். இவர் மாறவில்லை.

இதில் பாவம் அவர் மனைவி. கணவர் முதுகில் சாய்ந்தபடி, காற்று முகத்தில் அடிக்க, கடலோரச் சாலையில் கலங்கரை விளக்கம் வரை ஒரு தடவை போய்வர வேண்டும். அந்த அம்மாளுக்கு இருந்ததே இந்த ஓர் ஆசைதான்.

"ஏங்க, இந்த வருஷமாவது போவோமா?"

"அவசரப்படாதே. வண்டி கனம் ஜாஸ்தி. சாய்ஞ்சா யார் தூக்கறது?"

"நான் தூக்கறேன். முதல்ல வாங்குங்க."

"சரி, அதையும் எழுதிக்கறேன்."

எழுதிக்கொண்டார். எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்ததில் இரண்டு நாள் போயிற்று.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் கேட்கவே இல்லை. "இப்பத்தான் அவளுக்குப் பொறுமை வந்திருக்கு" என்று என்னிடம் பெருமை வேறு.

போன வாரம் காலையில் அவர் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால், அதே பெரிய ஸ்கூட்டர்! ஓட்டுகிற இடத்தில் அவர் மனைவி. பின்னால், மெத்தையில் சாய்ந்து, அந்த அம்மாளின் அக்கா. மூன்று மாதமாக அக்கா வீட்டுக்கென்று போனதெல்லாம் வண்டி பழகத்தானாம்.

"என்னையும் கூப்பிட்டிருக்கலாமே?" என்றார் மனிதர். நோட்டு இன்னும் கையில்.

"கூப்பிட்டா யோசிப்பீங்க" என்றார் அந்த அம்மாள். கோபமே இல்லை. வண்டி தெருமுனையைத் தாண்டி மறைந்தது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நீங்கள் சொல்லிவைத்த காரியம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்குமே, அதைப் பற்றி இன்னும் நச்சரிக்கிறார்களா? அப்படியானால் பிழைத்தீர்கள். கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று என்றால், படித்த கையோடு எழுந்துபோய், வீட்டில் எல்லாரும் இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.