ஆதிகேசவன் போட்ட மூன்றாம் பூட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டாவது டம்ளர் காபியை முடித்த கையோடு, ஆதிகேசவன் ஒரு முடிவுக்கு வந்தார். இனி தன் வீட்டு இன்டர்நெட்டுக்குள் தன் அனுமதியில்லாமல் ஈ காக்கை நுழையக் கூடாது. அதைச் சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் அறிவித்தார். பூவம்மாள் இட்லி மாவில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு மாவைக் கலக்கினாள்.

முடிவெடுப்பது அவருக்குப் புதிதில்லை. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், தண்ணீர் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். முப்பது வருஷமாக, அளவு பார்க்கும் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த பீஸையெல்லாம் பாஸ், ரிஜெக்ட் என்று இரண்டு கூடையில் போட்டு வருகிறார். மூன்றாவது கூடை ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. வேப்பம்பட்டில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. தோசையின் குறுக்களவைப் பார்ப்பார். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் "பாஸ்" என்றாராம். பூவம்மாள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குத் தன் கையில் ஒரு கேஜ் இல்லாமல் போய்விட்டதே என்பதுதான் அவளுக்குக் குறை.

வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது மகன் ரகுவால். அவனுக்குப் புனேயில் வேலை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அம்மாவும் அப்பாவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவனோடு பேசுவது வழக்கம். பேச்சு மட்டும்தான், பழைய கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது. டெலிபோன் லைன் ஹாலில் இருந்தது, கம்ப்யூட்டர் உள் அறையில் இருந்தது. நடுவில் ஒயர் ஓடினால் துடைப்பத்தில் மாட்டுகிறது, அது ஆகவே ஆகாது என்று பூவம்மாள் ஒரே பிடியாக நின்றாள். அதனால் ரகு ஒயர் வேண்டாத ஒரு பெட்டியை ஹாலில் வைத்து, கம்ப்யூட்டர் முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சியைச் செருகிக் கொடுத்தான். குச்சி பழசு, நண்பனிடம் சும்மா வாங்கியது. பெட்டிக்குப் பூட்டு எதுவும் போடவில்லை. இதில் எதையும் மாற்றாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலேறினான்.

மாற்றாமல்தான் இருந்தார், பேப்பரில் அந்தச் செய்தியைப் படிக்கும் வரைக்கும். எங்கேயோ ஒருவர் வீட்டு வயர்லெஸ்ஸில் எவனோ புகுந்து மிரட்டல் மெயில் அனுப்பிவிட்டானாம். போலீஸ் வந்து நின்றது வீட்டுக்காரர் வாசலில். ஆதிகேசவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து போய்ப் பெட்டியைப் பார்த்தார். உள் அறையில் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது, ஹாலில் பெட்டியின் பச்சை விளக்கு சுறுசுறுப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. எவனோ உள்ளே இருக்கிறான்.

எதிர் வீட்டு மாடியில் குடியிருந்த கம்பெனிப் பையன்கள் மேல் அவருக்குச் சந்தேகம். ஒரு வாரம் அவர்களை முறைத்துப் பார்த்தார். அவர்களோ, சார் நம்மைப் பார்க்கிறாரே என்று தினமும் வணக்கம் வைத்தார்கள்.

உள்ளே இருந்தது அவர்கள் இல்லை. பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பீவி ஜான். அவள் மகள் ஹுமைராவுக்குக் குவைத்தில் ஆண் குழந்தை பிறந்து இரண்டு மாசம் ஆகிறது. பிரசவத்துக்கு அவளால் ஊருக்கு வர முடியவில்லை, பீவி ஜானாலும் அங்கே போக முடியவில்லை. மருமகன் ரிஜ்வான், கேமரா வைத்த புது லேப்டாப் ஒன்றை அனுப்பியிருந்தான். லேப்டாப் வந்தது, இன்டர்நெட் வரவில்லை. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று பீவி ஜான் கண் கலங்கியதைப் பூவம்மாளால் தாங்க முடியவில்லை. நம்ம வீட்டுப் பெட்டி சுவரைத் தாண்டி வீசுகிறது, எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் குழந்தை அப்ராரைப் பார்த்தார்கள். கணவனிடம் அவள் அனுமதி கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒரு புதுக் கரண்டிக்கு அனுமதி கிடைக்கவே மூன்று மாசம் ஆகும், அதற்குள் குழந்தை நடந்துவிடும்.

காலை பத்து மணிக்கு ஆதிகேசவன் வேலையில் இறங்கினார். கம்ப்யூட்டரையும் குண்டு மானிட்டரையும் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் வைத்துப் பெட்டியோடு ஒரு சின்ன ஒயரால் இணைத்தார். இடுப்பு அப்போதே ஒரு முறை ஏன் என்று கேட்டது. பெட்டிக்குள் மூன்று வகைப் பூட்டு இருந்தது. முதலாவது வெப். இரண்டாவது டபிள்யூபிஏ. மூன்றாவது டபிள்யூபிஏ டூ. முதல் பூட்டைப் பள்ளிக்கூடத்துப் பையன் பத்து நிமிஷத்தில் உடைத்துவிடுவான் என்று பேப்பரில் போட்டிருந்தது. அவர் மூன்றாவதைப் போட்டார். பெட்டிக்கு, தன் உத்தியோகத்தையும் சேர்த்து, 'ஆதிகேசவன் க்யூசி' என்று பேரும், இருபது எழுத்தில் ஒரு பாஸ்வேர்டும் வைத்தார். பாஸ்வேர்டை அடிக்கும்போது மனைவியைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார்.

"எனக்குக்கூடவா?" என்றாள் பூவம்மாள்.

"உனக்குத் தெரிஞ்சா தெருவுக்குத் தெரியும்."

அவள் திரும்பி நின்று, காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்தாள்.

பிறகு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் உள் அறையில் வைத்துக் குச்சியைச் செருகினார். பிடிக்கவில்லை. குச்சியைப் பிடுங்கித் துடைத்துச் செருகினார். பிடிக்கவில்லை. மறுபடியும் ஹாலுக்குத் தூக்கி வந்து பூட்டைப் பார்த்தார், சரியாக இருந்தது. மறுபடியும் உள்ளே தூக்கினார். இந்த முறை இடுப்பு சத்தமாகவே கேட்டது. குற்றம் பெட்டியிலா குச்சியிலா என்று தெரியாமல் கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

அப்போதுதான் பூவம்மாள் மோரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னாங்க, கேஜு மேல டவுட்டு வந்தா கம்பெனியில இன்னா பண்ணுவீங்க?"

"மாஸ்டர் பீஸ வச்சிப் பாப்போம். அளவு கரெக்டுன்னு தெரிஞ்ச பீஸு. அது பாஸாச்சுன்னா கேஜு நல்லா கீதுன்னு அர்த்தம்."

"அப்ப இதுக்கும் ஒரு நல்ல மெஷின வச்சிப் பாருங்களேன். பக்கத்து ஊட்ல புதுசு ஒண்ணு கீது. சும்மாதான் இருக்குது போல."

ஆதிகேசவன் மோரைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் தன் தொழிலை அவள் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு பேசி அவர் கேட்டதில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேறொரு கணவனாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான்.

பீவி ஜான் லேப்டாப்பைத் துணியால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். தனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றும், மருமகன் அனுப்பினானே என்று வைத்திருப்பதாகவும் சொன்னாள். அவர் அதைச் சுவாமி படத்தைத் தூக்கி வருகிற பக்குவத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பூவம்மாள் யாரும் சொல்லாமலே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இருபது எழுத்தையும் அடித்தார். ஒன்று தப்பிவிட்டது. மறுபடியும் அடித்தார். பிடித்துக்கொண்டது.

"பாஸ்" என்றார் ஆதிகேசவன்.

"இன்னொரு வாட்டி செக் பண்றதுன்னா மறுபடியும் அத்தினியும் அடிக்கணுமா? விரல் தேஞ்சிப் போவும்" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே. "அதையே ஞாபகம் வச்சிக்கச் சொல்ல முடியாதா?"

முடியும். அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் அடித்தார்.

இரண்டாவது பூட்டைப் போட்டுப் பார்த்தார். லேப்டாப் பாஸ், குச்சி ரிஜெக்ட். முதல் பூட்டைப் போட்டார். லேப்டாப் பாஸ், குச்சியும் பாஸ். ரகுவுக்குப் போன் செய்தபோது அவன் சிரித்துக்கொண்டே விளக்கினான். குச்சி பழைய காலத்தது, அதற்கு முதல் பூட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. வீட்டில் இருக்கிற மெஷின்களில் எது பழசோ அதற்குத் தகுந்த பூட்டைத்தான் போட முடியும். ஒன்று பூட்டை இறக்க வேண்டும், இல்லையென்றால் புதுக் குச்சி வாங்க வேண்டும்.

ஆதிகேசவன் போனை வைத்துவிட்டு ஹாலில் நடந்தார். பூட்டை இறக்கினால் எதிர் வீட்டுப் பையன் பத்து நிமிஷத்தில் உள்ளே வருவான், பதினோராவது நிமிஷம் போலீஸ் வரும். இறக்காவிட்டால் தன் கம்ப்யூட்டரே வெளியே நிற்கும்.

"பீஸு சரியில்லன்னு கேஜ அரம் போட்டு ராவறவன் நான் இல்ல" என்றார் கடைசியில்.

"அதான் கரெக்டு" என்றாள் பூவம்மாள். "ஒரு குச்சிக்காவ நீங்க இன்னாத்துக்கு எறங்கிப் போவணும்? பெரிய பூட்டையே போடுங்க. அடுத்த மாசம் புதுசு வாங்கிக்கினா போச்சு."

அவளும் தன் கட்சி என்றதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. மூன்றாம் பூட்டை, அதே பாஸ்வேர்டோடு, மறுபடியும் போட்டார். லேப்டாப்பைக் கடைசியாக ஒரு முறை சோதித்தார், கேட்காமலே பிடித்துக்கொண்டது. நல்ல மெஷின் என்று அதன் முதுகில் தட்டிக் கொடுத்தார். பழைய குச்சிக்கு நூல் கட்டி 'ரிஜெக்ட்' என்று எழுதி ஆணியில் தொங்கவிட்டார். லேப்டாப்பைத் தன் கையாலேயே பீவி ஜானிடம் திருப்பிக் கொடுத்து, உதவிக்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்து இடுப்புக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்தார். பெட்டிக்குள் இப்போது ஒருவரும் இல்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

எழுந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ரகு காத்திருப்பான். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டரை மறுபடி ஹாலுக்குத் தூக்க இடுப்பு இடம் கொடுக்காது. ஒரு ஞாயிறுகூட மகனோடு பேசாமல் இருந்ததில்லை. பூவம்மாள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, நல்ல புடவையில் வாசலில் நின்றாள். முகத்தில் பவுடர் போட்டிருந்தாள்.

"வாங்க" என்றாள். "பீவி ஊட்ல கூப்ட்டாங்க."

பீவி ஜான் வீட்டுக் கூடத்தில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் ஒரு குழந்தை கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஹுமைரா குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டி, மாமாவுக்குச் சலாம் சொல்லு என்றாள். ஆதிகேசவன் தன்னை அறியாமல் கையை ஆட்டினார். குழந்தை சிரித்தது, அவருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் கண் திரையின் மூலைக்குப் போனது. 'ஆதிகேசவன் க்யூசி' என்று இருந்தது.

"இது நம்ம லைனு" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"இவங்களுக்குப் பாஸ்வேர்ட யாரு குடுத்தது?"

"எனக்கே தெரியாதத நான் எங்க போய்க் குடுக்கறது? நான் செவுத்தப் பாத்துக்கினு நின்னேன். அடிச்சது நீங்க. ஞாபகம் வச்சிக்கச் சொன்னதும் நீங்க."

ஆதிகேசவன் காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். உலகத்திலேயே பலமான பூட்டைப் போட்டிருக்கிறார். வெளியே நிற்பது அவர் கம்ப்யூட்டர் மட்டும்தான். இனி ரகுவோடு பேச வேண்டுமென்றாலும் இந்தக் கூடத்துக்குத்தான் வர வேண்டும்.

"ரகு இன்னிக்கி ஆறு மணிக்குத்தான் வருவான். மத்தியானமே சொல்லிட்டேன்" என்றாள் பூவம்மாள். "இதுல மூஞ்சி தெரியும். எட்டு மாசமாச்சு அவன் மூஞ்சியப் பாத்து."

அது அவருக்கும் ஆசைதான். தாடி வைத்திருக்கிறானாம், எப்படி இருக்கிறானோ. ஆனாலும் இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"ஊட்டுக்குப் போனதும் பாஸ்வேர்ட மாத்தறேன்."

"மாத்துங்க. உங்க பெட்டி" என்றாள் அவள். "மாத்தினது கரெக்டா கீதான்னு எத வச்சி செக் பண்ணுவீங்க?"

பீவி ஜான் டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே, மரியாதையாகச் சொன்னாள்.

"செக் பண்ண இதையே எடுத்துக்கினு போங்கண்ணா. மொதல்ல கொழந்த தூங்கட்டும்."