நடு விலையில் ஒரு ரெட் ஒயின்

"கடுக்காய் கஷாயம் மாதிரி கீது," என்றாள் பிரிசில்லா, கரண்டியில் இருந்ததை நுனிநாக்கில் தொட்டுவிட்டு.

ஜெபசிங் மனைவியின் கையிலிருந்து கரண்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். சம்பந்தி வீட்டார் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டார்கள் என்று சற்றுமுன்தான் போன் வந்திருந்தது.

மகள் ஷாரோனும் கல்பாக்கத்துப் பையன் பிரவின்குமாரும் தாங்களாகவே பேசி முடிவு செய்துகொண்ட கல்யாணம். மதம் வேறு, சாதி வேறு. அணு ஆராய்ச்சியில் பெரிய அதிகாரியான பையனின் அப்பா திருநாவுக்கரசு, "வந்து பார்க்கிறோம்" என்று சொல்லவே ஒரு வருஷம் பிடித்தது. வந்து கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் ஷாரோனின் கண்ணீரை யார் பார்ப்பது?

திருநாவுக்கரசு வேலைப் பயிற்சிக்காகப் பிரான்சில் இரண்டு வருஷம் இருந்தவர் என்று ஷாரோன் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

"பிரான்சா? அங்க சோத்துக்குத் தொட்டுக்கவே ரெட் ஒயின்தான் அண்ணாத்த," என்றான் சின்னராசு. மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களை ஆட்டோவில் ஏற்றி இறக்கும் சிநேகிதன். "ரோஸ்மில்க்க நீட்டினியானா மன்ஷன் எந்திரிச்சுப் போயிகினே இருப்பாரு."

ஜெபசிங் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அவருடைய சபையில் திருவிருந்துக்குக் கொடுப்பதுகூட வெறும் திராட்சைச் சாறுதான். உள்ளூரில், சிங்கப்பெருமாள் கோயிலில் வாங்கினால் பாட்டில் வீடு வருவதற்குள் சேதி பாஸ்டர் வீட்டுக்குப் போய்விடும். எனவே அவரும் சின்னராசும் மாமல்லபுரம் வரை போனார்கள்.

ஜெபசிங் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஆணி வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, நடுவில் இருப்பதை எடுப்பார். மலிவானது உடையும், உசந்தது ஆடிட்டில் மாட்டும் என்பது அவர் கொள்கை.

"நடு விலைல நல்ல ரெட் ஒயினா ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் நிமிரவில்லை. "எல்லாம் நல்லதுதான்."

"கியாரண்டி கீதா?"

"குடிச்சிட்டு நீ நின்னா, அதான் கியாரண்டி."

சின்னராசு காதருகே வந்தான். "நான் சொல்றேன் கேளு. குடிச்சவன் சிரிச்சா அது சீப்பு. மூஞ்சிய சுளிச்சா அது ஒசத்தி. எத்தினி வெள்ளைக்காரன பாத்துகினு கீறேன்."

பாட்டிலை வாங்கியாகிவிட்டது. அதைத் திறக்கத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் ஜெபசிங் குத்திய குத்தில் பாதித் தக்கை உள்ளே விழுந்து தூளாக மிதந்தது. டீ வடிகட்டியில் வடிகட்டினார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கடுக்காய் விவகாரம்.

"கெட்டுப்போன சரக்கு போல. சக்கரப் பாகு காய்ச்சி ஊத்தட்டா?" என்றாள் பிரிசில்லா.

ஊற்றினாள். இருமல் மருந்து வாசனை வந்தது. எலுமிச்சை பிழிந்தாள். பல் கூசியது. கூச்சத்தை அடக்கத் தண்ணீர் கலந்தாள். நிறம் வெளுத்துப்போனது.

"ரெட் ஒயின்னு சொல்லிட்டு ரோஸ் கலர்ல குடுத்தா நம்மள இன்னான்னு நினைப்பாரு?" என்று ஜெபசிங் பதறினார்.

பிரிசில்லா யோசிக்கவே இல்லை. பொரியலுக்கு வைத்திருந்த பீட்ரூட்டை எடுத்துத் துருவினாள்.

வாசலில் கார் நின்றது.

திருநாவுக்கரசு வந்தார். அவர் மனைவி, மகன், வேண்டா என்ற பெயருள்ள அவருடைய தங்கை, எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிரிசில்லா தட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர்களைக் கொண்டுவந்தபோது அவர் முகம் லேசாக மாறியது. பிறகு எதற்கோ துணிந்தவர்போல ஒன்றை எடுத்தார்.

ஒரு வாய். கண்ணை மூடினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

ஜெபசிங் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"இது... என்ன வகைங்க?"

"நடு வகை, சார்."

"நான் பிரான்ஸ்ல கூட இப்படி ஒண்ணு குடிச்சதில்ல."

சொல்லிவிட்டு மீதியை ஒரே மூச்சில் விழுங்கினார். முகம் அஷ்டகோணலானது. கதவோரம் நின்ற சின்னராசு, "சுளிக்கிறாரு அண்ணாத்த, அப்ப ஒசத்திதான்," என்று முணுமுணுத்தான்.

மரியாதைக்கு ஜெபசிங்கும் தன் டம்ளரைக் காலி செய்தார். பீட்ரூட்டும் பாகும் கடுக்காயும் சேர்ந்து நெஞ்சுக்குள் தேர் இழுத்தன. அதோடு விட்டிருந்தாலாவது தேவலை. பிரிசில்லா மறுபடியும் ஊற்றினாள். சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். இரண்டாவதையும் குடித்தார்கள்.

மூன்றாவதற்கு அவள் கை நீண்டபோது திருநாவுக்கரசு அவசரமாக டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "சாப்பிட்டுடலாமே. அப்படியே தேதியையும் பேசி முடிச்சிடலாம்."

ஷாரோன் உள்ளே ஓடிப்போய் அழுதாள். ஆனந்தக் கண்ணீர்தான். ஜெபசிங் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, பல நாள் கழித்து நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். நடு விலை கைவிடவில்லை.

பந்தி முடிந்து திருநாவுக்கரசு கை கழுவப் போன சமயம், அவர் தங்கை வேண்டா மெல்ல அடுப்படிக்குள் வந்து ஜெபசிங்கிடம் சொன்னாள்.

"ஒரு டம்ளர் மோர் இருந்தா குடுங்கண்ணே, எங்க அண்ணனுக்கு வயிறு தாங்காது. பிரான்ஸ்லயே ஒரு சொட்டுத் தொட்டதில்ல. வேதக்காரங்க வூட்டுல ஒயின வேணான்னா சம்பந்தமே முறிஞ்சிடும்னு எவனோ சொன்னான்னு, ஒரு வாரமா கடை கடையா ஏறி எது நல்ல ரெட் ஒயின்னு விசாரிச்சு வாங்கியாந்து, உங்களுக்காக மூக்கப் புடிச்சுக்கினு குடிச்சுப் பழகுச்சு அது."