சத்தியபாய் படி ஏறிய கதை

அரசு அலுவலக லிஃப்டின் கதவில் 'பழுது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒட்டி எத்தனை வருடமோ, தாளும் பழுதாகிவிட்டது.

சத்தியபாய் ஊன்றுகோலில் சாய்ந்து மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள். முப்பத்திரண்டு படி. மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிய நாளிலிருந்து அவள் ஏறிய பெரிய உயரம் அருமனை பஸ்ஸின் படிக்கட்டுதான்.

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மறுஆய்வாம். கால் இன்னும் அப்படியே இருக்கிறதா, இல்லை ஐம்பது வருடம் கழித்து மனம் மாறி நிமிர்ந்துவிட்டதா என்று டாக்டர் பார்க்க வேண்டுமாம். அதுவும் முதல் மாடியில், பதினாலாம் அறையில். வராதவர்களுக்குத் தொகை நிற்கும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. யாரிடமும் கேட்காமல் அவள் கைக்கென்று வருகிற ஒரே காசு அது. போய்விடுமோ என்று பயந்து நேற்றிலிருந்தே அந்த நோட்டீஸை நாலு தடவை படித்துவிட்டாள்.

"நீ இஞ்சயே நில்லு. நான் மேல போய்ச் சொல்லிட்டு வாறேன்," என்றார் கணவர் ஆபேல். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிற நல்ல மனுஷன். போனார், தலையாட்டிவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாவ?"

"ஆளு நேர்ல வரணுமாம்."

"படி ஏற முடியாதுன்னு சொன்னியளா?"

"சொன்னேனே. அதையும் நீ நேர்ல வந்து சொல்லணுமாம்."

சத்தியபாய் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். ஆபேல் மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார்.

"மனு வாங்குவாவளாம். ஆனா மனு குடுக்குத ஆளு ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடணும்."

"ரெஜிஸ்டர் எங்க இருக்கு?"

ஆபேல் மேலே பார்த்தார்.

அவர்களைக் கூட்டி வந்த ஆட்டோக்கார ஷாஜனுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, பயப்படாண்டாம். நான் இருக்கேன்லா!" என்று எதிர்ச் சாயாக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தான். அதில் அவளை உட்காரவைத்து, மேலே ஆபேலும் கீழே ஷாஜனுமாகத் தூக்கினார்கள்.

பன்னிரண்டு படி ஒழுங்காகத்தான் போனது. திருப்பத்தில் நாற்காலி கைப்பிடிக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டது.

"விட்டுராதீரும் அண்ணாச்சி!" என்றான் ஷாஜன்.

ஆபேல் தலையாட்டினார். தலையாட்டிய வேகத்தில் கை நழுவியது. நாற்காலி தொப்பென்று படியில் இறங்க, ஒரு கால் முறிந்தது. நல்லவேளை, நாற்காலியின் கால்.

"எனக்க கசேர!" என்று கீழேயிருந்து சாயாக்கடைக்காரர் அலறினார். "நான் அவர சமாதானப்படுத்திட்டு இப்ப வந்துருதேன்," என்று ஷாஜன் ஓடினான். ஓடியவன் ஓடியவன்தான்.

இனி ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. சத்தியபாய் கர்த்தரை ஒருமுறை விளித்தாள். படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக எம்பினாள். சூம்பிய கால் பின்னாலேயே இழுபட்டு வந்தது.

"ஏட்டி, ஜெபம் பண்ணட்டா?"

"இந்தக் கம்பப் பிடிச்சிட்டு வாயத் தொறக்காம வாருங்க!" என்று ஊன்றுகோலை நீட்டினாள்.

மீதி இருபது படிக்கு முக்கால் மணி நேரம். உள்ளங்கை இரண்டும் சிவந்து எரிய, வியர்வை ஒழுக, பதினாலாம் அறை வாசலில் போய் நின்றாள்.

கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, ஏறி வந்துட்டீங்களே!" என்றவர் ஃபைலைத் திறந்து எழுதினார்: 'படி ஏறும் திறன் உண்டு. உதவித்தொகையை நிறுத்தலாம்.'

சத்தியபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. "சாரே, வராட்டா ஆப்சென்ட்டு. வந்தா சுகமாயாச்சா? பின்ன நான் என்னதான் செய்யணும்?"

"அப்பீல் போடலாம்மா."

"எங்க?"

"ரெண்டாவது மாடி."

ஆபேல் தலையாட்டினார். சத்தியபாய் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினார்.

"எனக்க கால ஒரு தடவ பாக்கவாவது செய்யுங்களேன்!"

"அது டாக்டர் வேலை. அவர் கையெழுத்து போட்டாத்தான் எதுவும் செல்லும்." கிளார்க் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "மணி பன்னெண்டாகுது, மனுஷனக் காணோம். எனக்கென்ன, அவருக்கும் ஆப்சென்ட் போட்டுட்டுப் போறேன்."

அப்போது வாட்ச்மேன் ஏசுஅடிமை மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்றார்.

"சார், டாக்டரு ஒம்பது மணிக்கே வந்தாச்சு! முட்டு ஆப்பரேஷன் செஞ்ச காலு, படி ஏற முடியாம ஆபீசுக்குப் பின்பக்கம் காரிலேயே இருக்காரு, நான் இப்பதான் கண்டேன். இந்த அக்கா படி ஏறப் பட்ட பாட்ட நான் சொன்னதும், ஒருத்தருக்க காசையும் வெட்டாண்டாம், ஃபைல எடுத்திட்டு உங்கள கீழ எறங்கி வரச் சொல்லுதாரு!"