ஒன்று புள்ளி எட்டும் இரண்டு அண்ணன்களும்

நான் கணக்கு டீச்சர். அரூரில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஐம்பதை ஒன்றரையால் பெருக்கினால் என்ன வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுபத்தைந்து என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஆனால் ஆசை ஆசையாக ஒரு லென்ஸ் வாங்கியபோது மட்டும் அந்தப் பெருக்கலைப் போடவில்லை. அத்தோடு நின்றிருந்தால் அசிங்கம் எனக்கு மட்டும். கூடவே இன்னொரு தப்பும் செய்து, நாலு வருடம் பேசாமல் இருந்து ஒரு காதுகுத்தில் அன்றைக்குத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்த என் இரண்டு அண்ணன்களையும் மறுபடி பிரித்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன்னால் மிர்ரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கினேன். கூடவே வந்த ஜூம் லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. (அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.) ஆனால் யூடியூபில் தாடி வைத்த ஆள் ஒருவர், ஜூம் என்பது சோம்பேறிகளுக்கு, உண்மையான கலைஞர்கள் பிரைம் லென்ஸ்தான் வைத்திருப்பார்கள் என்றார். பிரைம் என்றால் ஜூம் ஆகாத லென்ஸ். ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமா, நீ கிட்டே போ. சின்னதாகத் தெரிய வேண்டுமா, பின்னால் போ. உன் கால்தான் ஜூம். கேட்கும்போது எவ்வளவு தத்துவமாக இருந்தது தெரியுமா!

கையடக்கமான பிரைம் லென்ஸ்களாகப் பார்த்து ஒரு நோட்டில் அட்டவணை போட்டேன். எடை, நீளம், அபர்ச்சர் என்கிற வெளிச்சத் துளை, கைப்பைக்குள் அடங்குமா, எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் வந்தார்கள். 27 மில்லிமீட்டர், சேலத்துத் தட்டுவடை கனத்துக்குத்தான் இருந்தது. 35, நடுத்தரம், எந்தக் குறையும் சொல்ல முடியாது, அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. 50, அபர்ச்சர் 1.8. இந்த ஐம்பதில் எடுத்தால் முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும், பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாக உருகிவிடும் என்றார் தாடிக்காரர். நானும் உருகிவிட்டேன்.

பிசிக்ஸ் எடுக்கும் விமலா டீச்சர் என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"கலா, உன் கேமராவுல சென்சார் சின்னது, ஒண்ணரையால பெருக்கிக்கணும். அம்பது வாங்குனா எழுபத்தஞ்சு மாதிரி நெருக்கமாத்தான் தெரியும். வூட்டுக்குள்ள விசேஷம் எடுக்கறதுன்னா அந்தத் தட்டுவடைய வாங்கு."

பிசிக்ஸ்காரர்களுக்குக் கலை உணர்ச்சி கிடையாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஐம்பதுக்கு ஆர்டர் போட்டேன்.

லென்ஸ் வந்த மறு வாரம் தீர்த்தமலையில் என் அக்கா மகளுக்கு மொட்டை போட்டுக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்கள் வீட்டில் தாய்மாமன் இரண்டு பேர். பெரியண்ணன், சின்னண்ணன். பொதுக் கிணற்றில் யார் முதலில் மோட்டார் போடுவது என்ற தகராறில் இருவரும் நாலு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் மடியில் குழந்தையை வைத்தால் இன்னொருவர் வர மாட்டார். அம்மா இரண்டு மாதம் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து ஒரு தீர்ப்பு சொன்னார். வலது காது பெரியவன் மடியில், இடது காது சின்னவன் மடியில்.

இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரெண்டு பேரும் புள்ளைய வெச்சுக்கிட்டு ஒண்ணா உக்காந்திருக்கற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் குடு கலா. பிரேம் போட்டு மாட்டிக்கறேன். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

அக்கா ஸ்டுடியோக்காரர் ஒருவருக்குச் சொல்லி வைத்திருந்தார். "அந்தாள வரவேண்டாம்னு சொல்லு, நான் இருக்கேன்ல" என்று நிறுத்தியது நான்தான்.

மலையடிவாரத்தில் வாடகைக்குப் பிடித்த சின்ன ஹால். உள்ளே நின்று கேமராவில் பார்த்தால் மாமியார் தெரிந்தால் மருமகள் தெரியவில்லை. நாலு பேரைச் சேர்த்து எடுக்கச் சுவர் வரை போனேன். பத்துப் பேருக்கு வாசலைத் தாண்டினேன். அக்கா வீட்டுச் சொந்தம் மொத்தத்தையும் எடுக்கப் பின்னாலேயே போய் சமையல் நடக்கும் பந்தலுக்குள் நுழைந்துவிட்டேன். சமையல்காரர் கரண்டியை நீட்டி மறித்தார்.

"டீச்சரு, அப்படியே நில்லுங்க. இன்னொரு அடி வெச்சீங்கன்னா சாம்பாருக்கு நீங்கதான் காயி."

விமலா டீச்சர் சொன்ன எழுபத்தைந்து அப்போதுதான் புரிந்தது. ஆனால் வெளியே காட்டிக்கொள்வேனா! லென்ஸ் இத்துனூண்டு இருந்ததால் யாரும் என்னைப் போட்டோகிராபராக மதிக்கவில்லை என்பது வேறு. ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார்கள். எனக்குக் கோபம் வந்து, வகுப்பில் கத்துவது மாதிரி கத்தினேன். "யாரும் போன் எடுக்கக் கூடாது! எல்லாம் பிரேமுக்குள்ள வருது! போட்டோ நான் அனுப்பறேன்!" மொத்த ஹாலும் போனைப் பைக்குள் போட்டது.

வலது காது ஆயிற்று. இடது காது ஆயிற்று. குழந்தை அழுது ஓய்ந்தது. அம்மா இரண்டு மகன்களையும் பாயில் உட்கார வைத்து, இரண்டு மடிக்கும் நடுவில் பேத்தியை வைத்தார். பெரியண்ணன் அன்றைக்கு மீசைக்குப் புதிதாக டை அடித்திருந்தார். சின்னண்ணன் ஒரு முழம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். நாலு வருடக் கோபம், சரிசமமாக உட்கார விடுமா? இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆறடி தூரத்தில் மண்டி போட்டேன். அபர்ச்சர் 1.8.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1.8 என்றால் ஆழம் குறைவு. ஒரு சாண் தூரம் தெளிவாக இருக்கும், அதற்குப் பின்னால் இருப்பது மங்கிவிடும். ஆட்கள் முன்னே பின்னே இருந்தால் 8-க்குக் கொண்டு போக வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் 1.8 லென்ஸ் வாங்கிவிட்டு 8-இல் வைப்பது, தருமபுரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பாதி வழியில் மொரப்பூரிலேயே இறங்கிவிடுவது மாதிரி இருந்தது. மனசு வரவில்லை. ஒரே ஒரு கிளிக். (ஒன்றே போதும், அதுதான் பிரைம் கற்றுத்தரும் ஒழுக்கம் என்று அதே தாடிக்காரர் சொல்லியிருந்தார்.) அண்ணன்கள் எழுந்து ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டேன். அவசரத்தில் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்குப் போய் அட்டெண்டன்ஸ் எடுத்து முடிப்பதற்குள் போன் துடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் படத்தைத் திறந்தேன்.

பெரியண்ணனின் மீசையில் ஒவ்வொரு முடியையும் எண்ணலாம். குழந்தையின் புதுத் தோடு மின்னியது. சின்னண்ணன் இருந்த இடத்தில் சட்டை போட்ட ஒரு புகைமூட்டம் உட்கார்ந்திருந்தது.

சின்ன அண்ணியின் குரல்பதிவு மூன்று நிமிடம் ஓடியது. "எங்களுக்குத் தெரியாதா? எங்க போன்லயும்தான் இருக்குது. வேண்டாத ஆள மங்க வெக்கறதுக்குன்னே ஒண்ணு இருக்குது. கூப்பிட்டு உக்கார வெச்சு அழிச்சு உட்டுட்டீங்க. இதுக்கு எங்க வூட்டுக்காரர வராதீங்கன்னே சொல்லியிருக்கலாம்." அதற்குக் கீழே சின்னண்ணன் குழுவை விட்டு வெளியேறிவிட்டார் என்று ஒரு வரி.

சாயங்காலம் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ரெண்டு பேரையும் ஒரு பாயில உக்கார வெக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு. நீ ஒரு பட்டன அமுக்கிப் பிரிச்சுட்டியே" என்றார். அன்றைக்கு நான் அழுதேன். கேமராவைத் தூக்கிப் பீரோவுக்குள் போட்டேன். வேறு படம் இருக்கிறதா என்று எல்லாரையும் கேட்டேன். போன் எடுக்காதே என்று கத்தியது நான்தானே, எவரிடம் இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை சின்னண்ணன் வீட்டுக்கு ஸ்கூட்டியில் போனேன். அண்ணி தண்ணீர் கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேறு வழி தெரியாமல் பாடம் எடுத்தேன். மூன்று டம்ளர்களை முன்னும் பின்னுமாக வைத்து, இது லென்ஸ், இது பெரியண்ணன், இது நீங்க என்று விளக்கினேன். அண்ணன் கடைசி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உன்ற லென்சுக்கும் அவந்தான் பெரிய மனுசன்."

"இல்லைங்ண்ணா, நீங்க ஒரு முழம் தள்ளி உக்காந்துட்டீங்க. நான் எட்டுல வெச்சிருக்கணும். தப்பு என்னுதுதாங்ண்ணா."

என் போன் அடித்தது. பெரியண்ணன். காலையிலிருந்து நாலாவது தடவை. பயத்தில் நான் எடுக்கவே இல்லை. அண்ணி முதல்முறையாக என்னைப் பார்த்தார். "எடு. ஸ்பீக்கர்ல போடு. ரெண்டு பேரும் எங்களப் பத்தி என்னதான் பேசிக்கறீங்கன்னு நாங்களும் கேக்கறோம்."

போட்டேன். பெரியண்ணன் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார்.

"ஏன் கலா, நான் உனக்கு என்ன பாவம் பண்ணுனேன்? ஊரே சிரிக்குது. மீசை டை வேர்வையில ஒழுகி வாயோரம் கோடு போட்டிருக்குது. மூக்கு மேல இருக்கற மரு தெரியுது. கண்ணுக்குக் கீழ பையி தொங்குது. சின்னவனப் பாரு, முப்பது வயசுப் பையனாட்டம் மொழுமொழுன்னு இருக்கறான். அவனுக்கு மட்டும் பாத்துப் பாத்து மங்கலு வெச்சுக் குடுத்திருக்கற. உனக்கு எப்பவுமே அவன் மேலதான் பாசம். எனக்கும் அந்த மங்கலு வெச்சுக் குடு!"

நான் பதில் சொல்வதற்குள் சின்னண்ணன் தன் போனில் அந்தப் படத்தைத் திறந்தார். விரலால் பெரிதாக்கினார். வாயோரக் கோட்டைப் பார்த்தார். மருவைப் பார்த்தார். இத்தனை நாள் தன் முகம் எங்கே என்று தேடியதில் அண்ணன் முகத்தை அவர் கவனிக்கவே இல்லை. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. என் கையிலிருந்த போனுக்கு அருகில் குனிந்தார்.

"டை அடிச்சா ஒரு துண்டு எடுத்துட்டு வரணும்ண்ணா."

அண்ணி கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தார். பெரியண்ணன் தொண்டையைச் செருமினார்.

"யாரு, சின்னவனா? சாப்பிட்டியாடா?"

"இல்லண்ணா. இனிமேத்தான்."

"சரி, சாப்பிடு."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலையில் கிணற்று மோட்டாரைச் சின்னவன் முதலில் போட்டுக்கொள்ளட்டும் என்று பெரியண்ணன் ஆள் விட்டுச் சொல்லவில்லை, தானே போய்ச் சொன்னார். நான் மறுபடி எடுத்துத் தருகிறேன், இந்த முறை 8-இல் வைக்கிறேன் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். அம்மா கேட்கவில்லை. அந்தப் படத்தையே பிரேம் போட்டு மாட்டிக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் கேமராவை எடுத்ததும் "யாருக்கெல்லாம் மங்கல் வேணும்?" என்று யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். ஐம்பது வயது தாண்டிய அத்தனை பேரும் கையைத் தூக்குவார்கள். அந்தத் தட்டுவடை லென்ஸையும் வாங்கிவிட்டேன். விமலா டீச்சரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

போன வருடம் சின்னண்ணன் புது வீடு கட்டிக் குடிபோனார். பிளெக்ஸ் அடிக்க அந்தக் காதுகுத்துப் படத்தைத்தான் கொடுத்தார். இதை அடித்தால் என் கடை பேர் கெட்டுவிடும் என்று கடைக்காரர் மறுத்தாராம். அண்ணன் விடவில்லை. தெரு முனையில் பத்தடி உயரத்தில் பெரியண்ணன் மருவோடும் டைக் கோட்டோடும் வரவேற்க, பக்கத்தில் வீட்டுக்காரர் புகைமூட்டமாக உட்கார்ந்திருந்தார். விசேஷத்துக்கு வந்த ஒருவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெரியண்ணனிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏனுங்க, அந்த ரெண்டாவது ஆளு யாருங்க? மூஞ்சியே தெரியலையே?"

பெரியண்ணன் அவர் கையில் சந்தனத்தைத் தடவினார்.

"எனக்குத் தெரியுதுங்க. அவன் என் தம்பி" என்றார்.