கட்டெறும்புக் காம்பவுண்டர்

மதராஸ் பட்டணம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், செத்த கரப்பான்பூச்சியை வெந்நீரில் குளிப்பாட்டும் இன்னொரு மனிதரை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. நான் கண்டிருக்கிறேன். கண்டது மட்டுமில்லை, அடுத்த போர்ஷனில் பல வருஷம் குடியிருந்து, மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறேன். அது என் வயிற்றின் பெருமை.

மந்தைவெளியில் அப்போது நாங்கள் இருந்தது ஒரு ஸ்டோர். நடுவில் முற்றம், சுற்றிலும் எட்டுக் குடித்தனம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். எழுபதுகளின் ஆரம்பம். குழாயில் தண்ணீரைவிட வதந்திதான் அதிகம் வரும். கடைசி போர்ஷன்காரர் மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் காம்பவுண்டர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் கட்டெறும்புக் காம்பவுண்டர்.

குடிவந்த வருஷமே அவர் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. வெறும் வீட்டுக்குள் நுழையப் பயந்துகொண்டு, ஒரு நாய் வளர்க்கலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டார். கூடாது. பூனை? கூடாது. கிளி? கத்தும், கூடவே கூடாது. எறும்பு கூடாது என்று மட்டும் வீட்டுக்காரர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று பாவம் அவர் எதைக் கண்டார்!

ஒரு மழை விட்ட மறுநாள், முற்றத்தில் இறக்கை உதிர்ந்து ஓடிக்கொண்டிருந்த பெரிய கட்டெறும்பு ஒன்றைக் காம்பவுண்டர் பிடித்தார். அது ராணியாம். டிஸ்பென்சரியிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பஞ்சால் அடைத்து, பஞ்சுக்கு இந்தப் பக்கம் ராணியை விட்டார். வாயையும் பஞ்சால் மூடி இருட்டில் வைத்தார். பட்டினி கிடந்தே அது முட்டையிட்டு வளர்த்தது. நாலு வருஷத்தில் அந்த ஒண்டிக்கட்டை ஒரு ஊரானது. “மனைவி மக்கள் என்று வந்தவருக்குக் கடைசியில் இதுதான் மிச்சம், கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை” என்று வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். அவர் சிரிப்பு எனக்கு எப்போதுமே ஆகாது.

ஊருக்கு வீடு வேண்டாமா? மருந்துப் பெட்டி ஒன்றுக்குள் குடைந்த மாங்கட்டையை வைத்து, ஒரு பக்கம் கண்ணாடி பொருத்தி, அதன்மேல் சிவப்புக் காகிதம் ஒட்டினார். சிவப்பு வெளிச்சம் எறும்புக்குத் தெரியாதாம். விளிம்பு முழுக்க விளக்கெண்ணெய். பெட்டி இருந்த ஸ்டூலின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில். எறும்பு ஏறக் கூடாது என்று ஊரெல்லாம் கிண்ணம் வைக்கும். இவர் இறங்கக் கூடாது என்று வைத்தார். கட்டை காயாமலிருக்க இங்க் ஃபில்லரால் சொட்டுத் தண்ணீர், குடிக்கத் தேன் கரைசல், கடிக்கக் கரப்பான்பூச்சி. நோய் தொற்றாமலிருக்கத்தான் அந்த வெந்நீர்க் குளியல்.

எதிர் போர்ஷன் அலமேலு மாமி ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டாள்.

“ஆசாரமா நாலு பேர் இருக்கற எடத்துல கரப்பான்பூச்சிக்கு வெந்நீர் போட்டுண்டு! நீர் மனுஷர்தானா?”

“அதுகளுக்கும் பசிக்குமோன்னோ, மாமி?”

மாமியிடம் அவர் பட்டது அது மட்டுமில்லை. செத்த எறும்புகளை மற்ற எறும்புகள் இழுத்துக்கொண்டுபோய் ஒரு மூலையில் குவிக்கும். காலையில் சாமணத்தால் அவற்றை எடுத்துப் போடுவது காம்பவுண்டரின் முதல் வேலை. ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “மாமி, நம்ம ஆத்துல மூணு பேர் போயிட்டா” என்றார். ஸ்டோருக்குள் சாவு என்றால் பிணத்தை எடுக்கும்வரை அடுப்பு எரியக் கூடாது. மாமி முதலில் அடுப்பை அணைத்தாள், அரைவேக்காட்டுச் சாதத்தைக் கொட்டினாள், அதற்குப் பிறகுதான் யார் என்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும் ஒரு மாசம் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அன்று மாமா பட்டினியாக ஆபீஸ் போனார்.

ஓர் ஐப்பசி மழையில் காம்பவுண்டர் மஞ்சள் காமாலையில் விழுந்தார். ஊருக்கெல்லாம் மருந்து கலக்கியவர் தனக்கு ஒன்றும் கலக்கிக்கொள்ளவில்லை. கண் மஞ்சளாகி, எழுந்து நிற்க முடியாமல் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா போட்டிருக்கும் முனுசாமி அவரைத் தூக்கி உட்கார்த்தி வைத்து, ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். புறப்படும்போது மாமியைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னார்: சொட்டுத் தண்ணீர், தேன், இருட்டு, பெட்டியை ஆட்டக் கூடாது. கரப்பான்பூச்சியைச் சொல்ல மட்டும் தயங்கினார்.

“அதையும் போட்டுத் தொலைக்கறேன். நீர் நல்லபடியா திரும்பி வாரும்” என்றாள் மாமி.

போட்டாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வெந்நீரில் முக்கியே போட்டாள். நாங்களும் ஆளாளுக்கு எங்கள் வீட்டுக் கரப்பான்பூச்சிகளைக் கொண்டுவந்து கொடுத்தோம்.

ஆஸ்பத்திரிச் செய்தி நன்றாக இல்லை. முனுசாமி சவாரிக்கு நடுவே போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

“ஆளு துரும்பா பூட்டாரு நைனா. கஞ்சி உள்ளே எறங்கல. கண்ணத் தொறந்தா ஒரே கேள்விதான். எறும்பு நல்லா கீதா, எறும்பு நல்லா கீதா. நல்லா கீதுன்னு சொன்னாத்தான் ரெண்டு வாய் குடிக்கிறாரு. அது போச்சுன்னா இவுரும் பூடுவாரு, சொல்ட்டேன்.”

அன்றிலிருந்து ஸ்டோரில் எல்லாருக்கும் அதுவே நம்பிக்கையாகிவிட்டது. அந்தப் பெட்டியில் இருப்பது எறும்பு இல்லை, காம்பவுண்டரின் உயிர். ஆபீஸிலிருந்து வந்ததும் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பெட்டியைப் பார்ப்பேன். மழைக் குளிருக்கு எறும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, அசையாமல் கிடந்தன. குளிர்ந்தால் அவை அப்படித்தான் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது.

“பாரு, அவர் படுத்துண்டார், இதுகளும் சுணங்கிப் போயிடுத்து. கண் பட்டிருக்கு” என்றாள் மாமி.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமி தலைக்குக் குளித்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். தணலில் சாம்பிராணியைத் தாராளமாகப் போட்டாள். எட்டுக் குடித்தனமும் கைகூப்பி நின்றோம். மாமி மூடியைத் தூக்கி, புகையை உள்ளே நன்றாகக் காட்டி, அருள் வெளியே போய்விடக் கூடாது என்று மூடியை அழுத்தி மூடினாள்.

சாம்பிராணி காட்டாதே என்று சொல்லக் காம்பவுண்டருக்குத் தோன்றவில்லை. மனைவி போன பிறகு அந்த வீட்டில் புகை போட யார் இருந்தார்கள்?

மறுநாள் காலை மூடியைத் திறந்தால் ஊரே செத்துக் கிடந்தது. ராணி மல்லாந்து கிடந்தது. இழுத்துக்கொண்டுபோய் மூலையில் குவிக்க ஓர் எறும்புகூட மிச்சமில்லை. மாமி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அந்தப் பாவி மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து முனுசாமி ஓடிவந்தான். “காமாலை எறங்கிக்கினு வருதாம். நாளிக்கு வூட்டுக்கு அனுப்புறாங்கோ!” என்றான். நல்ல செய்திக்கு இப்படிப் பேயறைந்தாற்போல் நின்றவர்களை அவன் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டான்.

அவன்தான் வழியும் சொன்னான். “இன்னாத்துக்கு அழுவுறீங்கோ? கட்டெறும்பு மரத்துக்கு மரம் கீது. புட்ச்சாந்து ரொப்பிடலாம்.”

அன்று மந்தைவெளியில் எங்களைப் பார்த்தவர்கள் ஸ்டோருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். கையில் வெல்லம் தடவிய கொட்டாங்கச்சியோடு வேப்பமரம், புங்கமரம், குளத்தங்கரை என்று ஒரு மரம் விடவில்லை. கட்டெறும்பு சும்மா விடுமா? கடித்தால் பிய்த்து எடுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் பெட்டியை நிரப்பிவிட்டோம்.

ஒரு மரத்து எறும்புக்கு இன்னொரு மரத்து எறும்பு ஜென்ம விரோதி என்பது காலையில்தான் தெரிந்தது. பெட்டிக்குள் தலை தனி, கால் தனி. கவ்விய பிடி விடாமல் ஜோடி ஜோடியாகச் செத்துக் கிடந்தன. உயிரோடிருந்த சிலவும் நொண்டிக்கொண்டிருந்தன. சுத்தம் செய்யலாம் என்று நான் கை வைப்பதற்குள் வாசலில் ரிக்‌ஷா மணி கேட்டது.

முனுசாமி அவரைத் தோளில் தாங்கி அழைத்து வந்தான். எலும்பின்மேல் சட்டை மாட்டியிருந்தது. நேரே பெட்டியிடம் போய் உட்கார்ந்து, சிவப்புக் காகிதத்தை உரித்தார். உள்ளே உற்றுப் பார்த்தார். சாமணத்தால் ஒரு ஜோடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது நம்ம ஆத்து எறும்பு இல்லியே.”

மாமி விம்மினாள். “நான்தான் கொன்னுட்டேன். சாம்பிராணி போட்டேன். நீர் பொழைக்கணுமேன்னு போட்டேன்.”

காம்பவுண்டர் திரும்பி மாமியைப் பார்த்தார். பிறகு, தலைப்புக்குள் அவள் ஒளித்திருந்த கைகளைப் பார்த்தார். விரல் ஒவ்வொன்றும் வீங்கியிருந்தது. முனுசாமியின் கையைப் பார்த்தார். என் கையையும் பார்த்தார். அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மருந்துப் புட்டியும் பஞ்சும் எடுத்து வந்தார்.

“கையை நீட்டுங்கோ மாமி. ஆட்டாதேங்கோ.”

மாமிக்குப் போட்டார், முனுசாமிக்குப் போட்டார், எனக்குப் போட்டார். பிறகு முற்றத்தைப் பார்த்து, “வேற யாருக்காவது கடியா?” என்றார். கதவு கதவாகத் திறந்தது. குழாயடி வரிசைபோல எட்டுக் குடித்தனமும் வீங்கிய கையோடு வந்து நின்றது. வீட்டுக்காரர்கூட நின்றார், அவருக்கு மூக்கில்.

காம்பவுண்டர் பஞ்சைக் கீழே வைத்தார்.

“இத்தனை பேரா போனேள்?” என்றார். பிறகு அழுதுவிட்டார்.

அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது, என் கை வீங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.