மூன்றாம் வகுப்பின் கையெழுத்து

சாக்பீஸ் மறுபடியும் கீழே விழுந்தது.

"டீச்சர், இன்னிக்கு சாக்பீஸுக்கு என்ன ஆச்சு?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மட்டமான சாக்பீஸ். வழுக்குது," என்றாள் ஒர்னெல்லா. குனிந்து எடுக்கும்போது இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆங்கோனா நகரத்து டாக்டர் அதற்குப் பெயர் சொல்லியிருந்தார். பார்க்கின்சன். "மெதுவா வளர்ற வகைதான், பயப்படாதீங்க," என்று ஆறுதலும் சொன்னார். மலைமேல் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பாடம் நடத்தத் தகுதி இல்லை என்று ஆபீஸ் மேஜை ஒன்றுக்கு மாற்றிவிடுவார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் பேச ஆளில்லை. ஒன்றாம் வகுப்பில் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்து மூன்றாம் வகுப்பு வரை அழைத்துவந்த இந்தப் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பு முடியும்வரை பார்த்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்தாள்.

பள்ளிக்கு டேப்லெட் வந்த பிறகு கரும்பலகைக்கு வேலை குறைந்திருந்தது. மற்ற டீச்சர்கள் முணுமுணுத்தார்கள். ஒர்னெல்லா மனசுக்குள் நன்றி சொன்னாள். அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. அடிப்படைகளுக்குத் திரும்ப வேண்டுமாம். தினமும் சேர்த்தெழுதும் கையெழுத்துப் பயிற்சி, தினமும் டிக்டேஷன், வாய்ப்பாடு மனப்பாடம். டீச்சர் தன் கையாலேயே கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.

பெற்றோர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. மருந்துக்கடை செவெரீனா எழுந்து, "எம்பொண்ணு தேக்லாவுக்கு வீடியோ வெட்டி ஒட்டத் தெரியுது, ஷூ லேஸ் கட்டத் தெரியல!" என்றாள்.

செல்போன் கடை லோரிஸ் உட்கார்ந்தபடியே, "லேஸ் இல்லாத ஷூ வந்து எத்தனையோ வருஷமாச்சு, மேடம். உங்க கடைக்கு இன்னும் வரலையா?" என்றான்.

"டேப்லெட்டே இருக்கட்டும்," என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியது ஒர்னெல்லா. தலைமையாசிரியர் ஃபுல்வியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நீங்களா? மெயிலை பிரிண்ட் எடுத்து மேஜையில வச்சாத்தானே படிப்பீங்க?"

"ஏன் சார், மனுஷங்க மாறக்கூடாதா?"

"அப்படிப் போடுங்க டீச்சர்!" என்று லோரிஸ் கை தட்டினான்.

ஃபுல்வியோ யாருக்கும் மனஸ்தாபம் வராமல் முடிவெடுப்பதில் பேர்போனவர். "நல்லதாப் போச்சு. எதிர்க்கிறவங்க வகுப்புலயே சோதனை பண்ணிப் பார்த்துட்டா அப்புறம் யாரும் குறை சொல்ல முடியாது. ஈஸ்டர் வரைக்கும் மூணாம் வகுப்புல மட்டும் டேப்லெட் கிடையாது. வெறும் பேனா, சாக்பீஸ்," என்றார்.

ஒர்னெல்லா தன் வாயைத் தானே நொந்துகொண்டாள்.

முதலில் பிள்ளைகளையே எழுதவைத்துச் சமாளித்தாள். "தேக்லா, நீ வந்து எழுது கண்ணு. உன் எழுத்து அழகா இருக்கும்." நாலு நாளில் செவெரீனா கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"தினம் எம்பொண்ணுதான் போர்டுல எழுதறாளாம். அப்ப நீங்க என்ன டீச்சர், உட்கார்ந்து ரசிக்கிறீங்களா?"

மறுநாளிலிருந்து ஒர்னெல்லா பள்ளி திறந்ததும் முதல் ஆளாக வந்து, வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதிவைத்தாள். அப்படியும் ஒரு கோடுகூட நேராக நிற்கவில்லை.

"டீச்சர், எழுத்து ஏன் ஆடுது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அவள் வாயில் எங்கிருந்தோ ஒரு பொய் வந்தது. "இது அலை எழுத்து. அந்தக் காலத்துல நம்ம ஊரு மாலுமிங்க இப்படித்தான் எழுதுவாங்க."

"நம்ம ஊர்ல கடலே இல்லையே டீச்சர்?"

"அதனாலதான் வழக்கொழிஞ்சு போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. நம்பிவிட்டார்கள் என்று அவள் நிம்மதியானாள்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வீட்டுப் பாடத்தைத் திருத்த உட்கார்ந்தவள் முதல் நோட்டை விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். தேக்லாவின் எழுத்து ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த பையனுடையதும் அப்படியே. இடது கைக்காரி ஒருத்தி, அவளுடையது இன்னும் மோசம். போன வருஷம் முத்து முத்தாக எழுதிய வகுப்பு முழுக்க இப்போது கிழவர்களின் கையெழுத்துப் போல நடுங்கியது.

நோய் தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எழுத்து தொற்றுமே! பிள்ளைகள் கண்ணால் பார்த்ததைத்தானே கையால் எழுதுவார்கள்? ஒர்னெல்லா திருத்துவதை நிறுத்திவிட்டு அழுதாள்.

மறுநாள், "அலை எழுத்து போதும். இனிமே நேரா எழுதுங்க," என்றாள். ஸ்கேல் வைத்துக் கோடு போடச் சொன்னாள். பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஆனால் அடுத்த நாள் எழுத்தோடு சேர்ந்து, போட்ட கோடும் ஆடியது.

செய்தி பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அதற்குப் பிறகு யாராலும் அதை நிறுத்த முடியவில்லை.

"டேப்லெட்டைத் தேச்சுத் தேச்சு விரல்ல பலமே போயிடுச்சு," என்றாள் செவெரீனா.

"டேப்லெட் இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்தாங்க? பேனாவைக் கொடுத்ததும்தானே நடுக்கம் வந்துது?" என்றான் லோரிஸ்.

ஒருத்தி மகனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். பள்ளிக் குழாய்த் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி இன்னொருவர் சண்டை போட்டார். மாவட்டப் பத்திரிகையில் ஆடும் எழுத்தின் படத்தோடு பாதிப் பக்கம் வந்தது. ஃபுல்வியோ இரண்டு தரப்புக்கும் தலையாட்டி ஆட்டிக் கழுத்து சுளுக்கிக்கொண்டார். கடைசியில் ஆங்கோனாவிலிருந்து கல்வி ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்தார். பெற்றோர் சுவரோரமாக நிற்க, பிள்ளைகளுக்கு அவரே டிக்டேஷன் கொடுத்தார்.

"மலைமேல் பனி உருகுகிறது. ஆடுகள் மேயப் புறப்படுகின்றன."

வகுப்பில் பேனாக்களின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தார். ஆடுகள் ஆடின. பனியும் ஆடியது.

"பார்த்தீங்களா!" என்றாள் செவெரீனா.

"பார்த்தீங்களா!" என்றான் லோரிஸ்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் ஆய்வாளர். பிறகு ஒர்னெல்லாவிடம், "டீச்சர், இதே வரியை நீங்க போர்டுல எழுதிக் காட்டுங்க," என்றார்.

ஒர்னெல்லா சாக்பீஸை எடுத்தாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள இடது கை தானாகவே வந்தது. அதை வேண்டாமென்று கீழே தொங்கவிட்டாள். எழுத ஆரம்பித்தாள். சாக்பீஸ் கரும்பலகையில் டக்டக்கென்று தட்டிக்கொண்டே போனது. 'மலைமேல்' என்ற ஒரு சொல் முடிவதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. படம் எடுத்துக்கொண்டிருந்த லோரிஸ் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

அவள் பாதியில் நிறுத்தித் திரும்பினாள்.

"தண்ணியில ஒண்ணும் இல்ல. டேப்லெட்டும் காரணமில்ல, பேனாவும் காரணமில்ல. என் கைதான். எனக்குப் பார்க்கின்சன். போன வருஷமே தெரியும். மறைச்சுட்டேன். இந்தப் பிள்ளைங்க என்னைப் பார்த்து எழுதிக் கெட்டுப்போச்சுங்க." சாக்பீஸைக் கீழே வைத்தாள். "இவங்களை விட்டுப் போக மனசு வரல. அதுக்காக இவங்க கையைக் கெடுத்துட்டேன். நல்ல கை இருக்கிற ஒருத்தரைப் போடுங்க. நான் போயிடறேன்."

ஃபுல்வியோவுக்கு இந்தத் தடவை எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியவில்லை. ஆய்வாளர் அருகில் வந்து அவள் தோளைத் தொட்டார்.

"வருத்தமாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நீங்க சொல்றது சரி. பிள்ளைங்க எழுத்து இவ்வளவு தூரம் போகலன்னா உங்க கையை யாரும் கவனிச்சிருக்கக்கூட மாட்டாங்க. இப்ப ஊரே பார்த்துடுச்சு, நான் எழுதாம இருக்க முடியாது. திங்கட்கிழமை வேற ஆள் அனுப்பறேன். உங்களுக்கு ஆபீஸ்ல இடம் பார்த்துத் தரச் சொல்றேன்."

ஒர்னெல்லா தலையசைத்தாள். டஸ்டரை எடுத்து, எழுதிய பாதி வரியைத் தானே அழிக்க ஆரம்பித்தாள். அதற்கும் கை ஒத்துழைக்கவில்லை.

செவெரீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பு வாசலில் வந்து சண்டை போட்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல், அழுதுகொண்டிருந்த மகளிடம் போய்க் குனிந்து தலையைத் தடவினாள்.

"அழாத கண்ணு. புது டீச்சர் வருவாங்க. நேரா எழுதறது எப்படின்னு முதல்லேர்ந்து சொல்லிக் கொடுப்பாங்க."

தேக்லா அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள்.

"நேரா எழுத எங்க எல்லாருக்கும் நல்லாத் தெரியும்மா. நாங்களும் கோணலா எழுதினா டீச்சர் எழுத்து மட்டும் தனியாத் தெரியாதுல்ல, அதுக்குத்தான்!"