ஒரு பாட்டில் தண்ணீருக்கான லித்தியத் திட்டம்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரம். பிறகு நீண்ட ஓய்வு எடுத்துக்கொண்டது. அந்த ஓய்வை முடித்து வைத்த பெருமை ஒரு பொருளாதாரப் பேராசிரியரையே சேரும். அவர் தன் படகுக்கு லித்தியம் பேட்டரி வாங்கினார்.

படகு பெரியதில்லை. ஆறு பேர் நெருக்கி உட்காரலாம். ஏரித்துறையில் கட்டிக் கிடக்கும். அதில் ஓர் எஞ்சின், ஒரு விளக்கு, தையல் மெஷின் அளவில் ஒரு ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜை ஓட்ட, இடப்பக்க இருக்கைக்கு அடியில் நான்கு கனத்த ஈய பேட்டரிகள். கரையை விட்டு அரை மணி நேரம் உழைக்கும், பிறகு உறங்கிவிடும். எஞ்சினைக் கிளப்பத் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது ஒழுங்காக வேலை செய்ததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேராசிரியரின் மனைவி பல் டாக்டர். படகுச் செலவு முழுக்க அவர் கிளினிக்கிலிருந்துதான் வந்தது. ஆகவே அந்த வீட்டில் படகுச் செலவைப் பணத்தில் சொல்லும் வழக்கமில்லை, பல்லில் சொல்வார்கள். ஒரு பல் என்றால் ஒரு வேர்ச்சிகிச்சைக்கான கட்டணம். கயிறு மாற்றியது கால் பல். பெயிண்ட் அடித்தது இரண்டு பல். கணக்கு எப்போதும் தெளிவாக இருந்தது.

சீசன் தொடங்கிய அன்று சாப்பாட்டு மேசையில் டாக்டரம்மா சொன்னார்:

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. நீங்களும் நானும் மட்டும். தீவு வரைக்கும் போகணும், அங்க உக்காந்து ஒரு பாட்டில் தண்ணி சில்லுனு குடிக்கணும். போன வருஷமும் இதைத்தான் கேட்டேன். இந்தத் தடவையும் இல்லைன்னா படகை வித்துடலாம்."

பேராசிரியரின் கையிலிருந்த கரண்டி நின்றது. படகு அவருக்கு உயிர். "சில்லுனு இருக்கும் பாரு. நான் சொல்றேன்ல."

"ஐஸ் கட்டி வாங்கிப் போட்டா போதாதா?"

பேராசிரியர் புன்னகைத்தார். வகுப்பில் மாணவர்கள் அஞ்சும் புன்னகை அது. "ஐஸ் கட்டிங்கிறது தற்காலிகத் தீர்வு. பிரச்சினையோட வேருக்குப் போகணும்."

"வேருக்குப் போறது என் தொழில். எவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியும்."

அடுத்த நாளே டாக்டரம்மாவின் தம்பி வரவழைக்கப்பட்டான். அவன் தன் வீட்டு இன்வெர்ட்டரை லித்தியத்துக்கு மாற்றியவன். அன்று முதல் மனிதர்களை அவன் இரண்டாகத்தான் பிரித்தான்: மாறியவர்கள், மாறப்போகிறவர்கள்.

"அத்தான், ஈயம் செத்துப்போச்சு."

"அரை மணி நேரம் ஓடுதேப்பா."

"அது உயிர் இல்ல அத்தான், பழக்கம். லித்தியம்னா பத்து வருஷ உத்தரவாதம். எடை கால்வாசிகூட இல்ல. படகு பஞ்சு மாதிரி மிதக்கும்."

"விலை?"

"விலையா பாக்காதீங்க. பத்து வருஷத்தால வகுத்துப் பாருங்க."

பேராசிரியர் வகுத்தார். வகுத்தால் எதுவும் சிறியதாகும் என்பதைத்தான் அவர் இருபது வருடமாகக் கல்லூரியில் கற்பித்து வந்தார். பன்னிரண்டு பல். வருடத்துக்கு ஒன்றேகால் பல்கூட இல்லை. இதற்கா ஒருவர் யோசிப்பார்?

பேட்டரி வந்தது. வெள்ளை நிறம். குழந்தையைத் தூக்குவது போல மைத்துனன் அதைத் தூக்கி வந்தான். பொருத்துவதற்கு வந்த வயர்மேன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"நல்ல சாமானுங்க. ஆனா உங்க பழைய சார்ஜர் இதுக்கு ஆகாது."

புது சார்ஜர் மூன்று பல்.

"சார்ஜர் சரிங்க. ஆனா எஞ்சின் ஓடும்போது இது கரண்டை ஒரே மூச்சா உறிஞ்சும். டைனமோ கருகிடும். நடுவுல ஒரு பெட்டி வைக்கணும்."

பெட்டி நான்கு பல்.

"பெட்டி சரிங்க. ஆனா இந்த வயர் தாங்காது."

கட்டைவிரல் பருமனில் வயர் வந்தது. வயருக்குத் தக்கபடி ஃபியூஸ். ஃபியூஸ் என்பது எரிந்துபோவதற்காகவே வாங்கப்படும் பொருள் என்று அறிந்தபோது பேராசிரியர் சற்று நேரம் ஏரியைப் பார்த்தார். பிறகு கிளினிக்குக் கிளம்பினார்.

சிகிச்சை அறையின் கதவைத் தட்டித் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"இன்னும் மூணு பல்லு வேணும்."

நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"உங்களோடது இல்லைங்க," என்றார் டாக்டரம்மா. "படகுக்கு."

இந்த விளக்கம் அவருக்குப் போதவில்லை. கழுத்தில் கட்டிய துண்டோடு வெளியேறினார். ஆக, அன்றைக்கு நான்கு பல் என்று எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"தண்ணி சில்லுனு ஆயிடுச்சா?" என்று மட்டும் டாக்டரம்மா கேட்டார்.

"அடித்தளம் போட்டுட்டு இருக்கோம்."

அடித்தளம் முடிந்து ஈய பேட்டரிகளைக் கரையேற்றிய கணத்தில் படகு வலப்பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்சமாக அல்ல. துறையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைச் சாய்த்துப் பார்க்கும் அளவுக்கு. இத்தனை வருடம் இடப்பக்கத்தை அழுத்தி வைத்திருந்தது அந்த ஈயம்தான். வலப்பக்கம் எஞ்சினின் டீசல் தொட்டி.

சாய்ந்த படகிலேயே 'அவசரக் கூட்டம்' நடந்தது. மூவரும் இடப்பக்கமாக நெருங்கி அமர்ந்தார்கள். கூட்டம் நடக்கும்வரை படகு நேராக இருந்தது.

"நாலு சிமெண்ட் கல்லு வச்சா தீர்ந்துது," என்றார் வயர்மேன்.

"எடையைக் குறைக்கத்தானே பன்னிரண்டு பல்லு குடுத்தோம்?" என்றார் பேராசிரியர். "மறுபடியும் எடை ஏத்தினா, அந்தப் பன்னிரண்டுக்கு என்ன அர்த்தம்?"

"அக்கா இந்தப் பக்கம் உக்காந்துட்டா?" என்றான் மைத்துனன்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. டாக்டரம்மா 'இடப்பக்கச் சமநிலைப் பொறுப்பாளர்' ஆனார். பதவி கிடைத்தது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

மறுநாள் வெள்ளோட்டம். கரையை விட்டுச் சிறிது தூரம் போனதும், பேட்டரியோடு இணைத்திருந்த பேராசிரியரின் போன் அலறியது. பேட்டரிக்குச் சூடு தாங்கவில்லையாம். தன்னைத்தானே அணைத்துக்கொண்டுவிட்டது.

"பாத்தீங்களா அத்தான், எவ்வளவு புத்திசாலி," என்று மைத்துனன் நெகிழ்ந்தான். "ஈயமா இருந்தா சொரணையே இல்லாம ஓடிட்டிருக்கும்."

"எஞ்சின் சூடு, மேல வெயிலு," என்றார் வயர்மேன். "படகுலேயே குளிர்ச்சியான இடமாப் பாத்து வைக்கணுங்க."

படகில் குளிர்ச்சியான இடம். மூவரும் யோசித்தார்கள். மூன்று தலைகளும் மெல்ல ஒரே திசையில் திரும்பின.

உள்தட்டைக் கழற்றினால் பேட்டரி ஃப்ரிட்ஜுக்குள் அளவெடுத்துச் செய்ததுபோல் நுழைந்தது. வயருக்காகப் பக்கவாட்டில் ஒரு துளை, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜை பேட்டரி ஓட்டியது. பேட்டரியை ஃப்ரிட்ஜ் காத்தது. வெளியிலிருந்து ஒன்றும் வர வேண்டாம், வெளியே ஒன்றும் போகாது. பாடப்புத்தகத்தில் மட்டுமே அவர் பார்த்திருந்த 'மூடிய பொருளாதாரம்' கண்ணெதிரே மெல்லிய ரீங்காரத்துடன் ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியருக்குக் கண் கலங்கியது.

சீசனின் கடைசி ஞாயிறு வந்தது. டாக்டரம்மா நீல நிறத் தொப்பியுடன் வந்தார். கிளினிக் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"நீ இந்தப் பக்கம் உக்காரு," என்று இடப்பக்கத்தைக் காட்டினார் பேராசிரியர்.

"அந்தப் பக்கம்தானே நிழல்?"

"இங்கேருந்து பாத்தா தீவு நல்லாத் தெரியும்."

வழியெல்லாம் டாக்டரம்மா தீவைப் பார்த்தார். பேராசிரியர் போனைப் பார்த்தார். சார்ஜ் ததும்பி நின்றது. வெப்பநிலை அருமை. தீவின் மரங்களுக்கு அடியில் படகு நின்றதும் டாக்டரம்மா தொப்பியால் விசிறிக்கொண்டு கையை நீட்டினார்.

"தண்ணி."

பேராசிரியர் இருக்கைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். டாக்டரம்மா ஒரு வாய் குடித்தார். வெளியே துப்பினார். வெந்நீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லி நோயாளிகளுக்குத் தினமும் அறிவுரை சொல்பவர் அவர்.

"ஃப்ரிட்ஜ் ஓடலையா?"

"ஓடுது. பிரமாதமா ஓடுது."

டாக்டரம்மா எழாமலே கை நீட்டி ஃப்ரிட்ஜைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று, மேலெல்லாம் ஈரம் துளிர்த்து, பேட்டரி சுகமாக வீற்றிருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"சில்லுனு இருக்கு."

"சொன்னேன்ல," என்றார் பேராசிரியர்.

டாக்டரம்மா ஃப்ரிட்ஜை மூடினார். படகு கரைக்குத் திரும்பியது.

துறைக்கு வந்ததும் டாக்டரம்மா எழுந்தார்.

"எழுந்திரிக்காத. படகு சாஞ்சிடும்."

"நான் உக்காந்தாத்தான் இது நேரா நிக்குமா?"

"தற்காலிக ஏற்பாடுதான்."

டாக்டரம்மா பலகையில் கால் வைத்து இறங்கினார். படகு வலப்பக்கம் சரிந்தது. பேராசிரியர் சறுக்கி மூலையில் போய் விழுந்தார், போனை மட்டும் உயரப் பிடித்தபடி. திரையில் மின்னழுத்தம், வெப்பம், மீதமுள்ள ஆயுள் எல்லாம் பச்சையில் ஒளிர்ந்தன. கீழே ஒரு வரி: 'யாவும் நலம்.' துறைக் குழாயடியில் டாக்டரம்மா குனிந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடிப்பதைக் காட்ட அதில் கட்டம் இல்லை.

மறுநாள் காலை கிளினிக் வாசலில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது: 'விற்பனைக்கு: லித்தியம் பேட்டரி. இருபத்து மூன்று பல். படகு இலவசம்.'

பேராசிரியர் அதை இருமுறை படித்தார். "ஃப்ரிட்ஜை விட்டுட்டியே?"

"அது எனக்கு வேணும்," என்றார் டாக்டரம்மா. "தண்ணி வைக்க."

லித்தியத்தின்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. சொன்னபடி உழைத்தது, சொன்ன எடையில் இருந்தது, பத்து வருடத்துக்கு எழுத்தில் உத்தரவாதமும் கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாக்குக் கொடுத்தவர் வேறொருவர்.